பாகுபலிக்கு முன்னால் ஸ்டாப் வாட்சா?

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் போய், நாகமலைப் புதுக்கோட்டையில் திரும்பினால் கீழக்குயில்குடி. தாமரைக்குளம், அய்யனார் கோயில், பின்னால் சமணர் மலை. ஞாயிறு விடிந்தால் ஷூவும் வாட்சுமாக ஆபீஸ் இளவட்டங்கள்!

“மாப்ளே, போன வாரத்தைவிட ரெண்டு நிமிஷம் கம்மிடா!”

வழியில் என்ன பார்த்தார்கள் என்று கேளுங்கள். “படி இருந்துச்சுண்ணே!”

இருந்தது பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துச் சமாசாரம். அதில் ஒருவர் பாகுபலி. காலில் கொடி சுற்றிக்கொள்ளும் வரை ஒரே இடத்தில் தவம் நின்றவர். அவரைத் தாண்டித்தான் நம்மாள் ஓடுகிறார்!

கிளம்புவதற்குக் கடிகாரம் வேண்டியதுதான். வெயில் ஏறினால் அந்த மொட்டைப் பாறை தோசைக்கல்லாகிவிடும். சதுரகிரியில் வனத்துறை நேரம் பார்த்து அனுப்புவதிலும் அர்த்தமிருக்கிறது. 2015 மே மாதம் அங்கே காட்டாற்று வெள்ளம் பக்தர்களையே அடித்துக்கொண்டு போனது.

ஆனால் ரெக்கார்டுக்காக ஓடுவது? பேச்சிப்பள்ளத்துக்கு மேலே வெறும் சரிவுப் பாறை. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். அவசரமாக இறங்கினால் முட்டி பெயரும். திங்கட்கிழமை மானேஜரிடம் லீவு கேட்பது அதைவிடக் கஷ்டம்!

சுனைப் பக்கம் பத்து நிமிஷம் உட்காருங்கள். அப்புறம் மேலே போனால் மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மிச்சமிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நாகமலை நீளமாகப் படுத்திருக்கும், நிஜப் பாம்பு மாதிரியே.