இறக்கம்

அந்தல் டோராட்டி 1962இல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவுசெய்த 'நட்கிராக்கர்' பாலே இசையை யாருக்காவது சிபாரிசு செய்தால், "புதுசா எவ்வளவோ வந்திருக்கே, ஏன் அறுபது வருஷப் பழசு?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

இன்ஜினியராக நான் சொல்லும் பதில் எளிது. மெர்க்குரி நிறுவனத்தார் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் மூன்றே மூன்று மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவுசெய்தார்கள். வாத்தியத்துக்கு ஒரு மைக் வைத்து, அப்புறம் மிக்ஸிங்கில் உட்கார்ந்து செல்லோவைக் கொஞ்சம் ஏற்று, ட்ரம்பெட்டைக் கொஞ்சம் குறை என்கிற வேலை அங்கே கிடையாது. எது எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை வாசிக்கிறவர்களும் நடத்துகிறவரும் அந்த ஹாலிலேயே தீர்த்துக்கொண்டாக வேண்டும். புரொடக்‌ஷனில் பேட்ச் போட்டே பிழைப்பு நடத்தும் எனக்கு இது கொஞ்சம் பயமாகவும் நிறையப் பொறாமையாகவும் இருக்கிறது. மெல்லிய இரைச்சல் கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும்.

டோராட்டி ஹங்கேரிக்காரர். 1930களில் ரஷ்ய பாலே குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர். மேடையில் ஒருத்தி காற்றில் இருக்கிறாள் என்றால் அவள் கால் தரையைத் தொடும்போது தாளமும் வந்து சேர வேண்டும்; நடத்துகிறவர் உருகிக்கொண்டு நின்றால் அவள் முட்டிதான் போகும். அந்தப் பழக்கம் ஒலிப்பதிவிலும் அவரை விடவில்லை.

இரண்டாம் அங்கத்தில், கடைசியை ஒட்டி, ஒரு பெரிய ஜோடி நடனம் வரும். ஹார்ப் அலையலையாக எழும்ப, செல்லோக்கள் மெட்டைத் தொடங்கும். மெட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஸ நி த ப ம க ரி ஸ. அவ்வளவுதான். சங்கராபரண அவரோகணம். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாக அமுக்கினால் வருவதே அது. இதை வைத்துக்கொண்டு சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மனிதர் நம்மை உலுக்கி எடுக்கிறார்.

சைக்கோவ்ஸ்கி இந்த பாலேவை எழுதிக்கொண்டிருந்த 1891இல், அமெரிக்கா போகும் வழியில் பாரிஸில், தங்கை அலெக்சாண்ட்ரா இறந்துபோனதைச் செய்தித்தாள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அந்தத் துக்கம்தான் இந்த இறங்குவரிசை என்று எழுதுபவர்கள் உண்டு. துக்கத்தை அப்படி நேராக ஸ்வரமாக மாற்றிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இதைக் கேட்கும்போது ஏன் தொண்டை அடைக்கிறது என்பதற்கு என்னிடம் வேறொரு விளக்கம் இருக்கிறது. அது எங்கள் அத்தை சொன்னது.

பொட்டிபுரம் என்றதும் "நியூட்ரினோவா?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், அதே ஊர்தான். மலையைக் குடைய வந்த திட்டமும் எதிர்த்து நின்ற ஜனமும் தனிக் கட்டுரைக்கு உரியவை. எங்களுக்கு மலை என்றால் ஏலத்தோட்டம். விடிகாலை ஜீப்பில் ஏறி, போடிமெட்டுப் பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கேரளாப் பக்கம் காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் இறங்குவார்கள். அத்தை முப்பது வருஷம் அப்படிப் போனவர்.

ஒரு தீபாவளி லீவில் இயர்போனின் ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வயலின் கூட்டம் அந்நியமில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதம் படித்த இளையராஜா இதே மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர்தானே. அத்தை கடைசிவரை கேட்டார்.

"என்ன மருமகனே, பாட்டு எறங்கிக்கிட்டே இருக்கு?"

"ஆமாத்த. மெட்டே அதான்."

"எறங்குறதுதான்யா கஷ்டம். ஏறும்போது ஜீப்பு இழுத்துட்டுப் போயிரும். எறங்கும்போது நாமதான் கம்பியப் புடிச்சு ஒடம்ப நிறுத்தணும்."

அதற்குப் பிறகு அந்தப் பகுதியை எனக்கு வேறு மாதிரி கேட்க முடியவில்லை. செல்லோக்கள் ஒவ்வொரு படியிலும் தன்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டுதான் இறங்குகின்றன. டோராட்டியின் பதிவு எனக்கு ஏன் உசத்தி என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள், இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே, கியரில் விடு என்பார்கள். நான் கேட்ட சில புதிய பதிவுகள் ஒவ்வொரு ஸ்வரத்திலும் பிரேக்கை மிதித்து நம்மை அழச்சொல்கின்றன. டோராட்டி கியரில் விடுகிறார். நடுவில் மேகம் மூடியதுபோல ஒரு பகுதி வந்து போகும். அங்கேயும் அவர் நிற்பதில்லை. கடைசியில் பித்தளை வாத்தியங்கள் முழுத் தொண்டையில் அதே எட்டு ஸ்வரங்களை இறக்கும்போது, மூன்று மைக்குகளும் திணறாமல் வாங்கிக்கொள்கின்றன. ஹெட்போனில் கேட்பவர்கள் அந்த இடத்துக்கு முன்பே சத்தத்தைக் கூட்டி வைத்துவிடாதீர்கள்.

அத்தை போன வருஷம் இறந்தார். ஈரலில் நோய், இரண்டே மாதம்.

அந்த ஜோடி நடனம் முடிந்ததும் ஆணுக்கான துள்ளல் நடனம் தொடங்கிவிடும். கைதட்டலுக்காக மேடையில் விடும் இடைவெளிகூட இந்தப் பதிவில் இல்லை. முன்பெல்லாம் அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவேன். இப்போது ஓடவிடுகிறேன். காரியம் முடிந்த மறுநாள் அஞ்சரைக்கு ஜீப் வழக்கம்போல வந்து ஹாரன் அடித்தது. அத்தை மகள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் ஏறினாள்.