பெயின்டுக்கு அடியில் பாருங்கள்

கேமரன் மலைக்குச் சுற்றுலா போய் வந்தவர்களின் கைப்பேசியில் பெரும்பாலும் மூன்று படங்கள் இருக்கும். தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரி, காய்கறிக் கூடைகளோடு சாலையோரம் நிற்கும் ஒரு பழைய லேண்ட் ரோவர். படம் எடுப்பவர்களுக்கு அது அழகான பழம்பொருள். எங்கள் குடும்பத்துக்கு அது சோறு போட்ட வண்டி.

கம்போங் ராஜா பக்கத்தில் ஒரு சீன முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் அப்பா 22 ஆண்டுகள் வண்டி ஓட்டினார். சரிவான மண்பாதையில் முட்டைக்கோஸையும் தக்காளியையும் ஏற்றிவந்து, லாரி நிற்கும் இடத்தில் சேர்ப்பது அவர் வேலை. முதலாளி தோட்டத்தொழிலை விட்டபோது வண்டியை அப்பாவின் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். 1967இல் செய்த 'சீரிஸ் டூ ஏ' அது. முன்விளக்குகள் இரண்டும் மூக்கை ஒட்டி நெருக்கமாக இருக்கும். 1960களின் இறுதியில்தான் அவை மட்கார்டுக்கு மாறின என்பதால், முகத்தைப் பார்த்தே அதன் வயதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

அப்பாவுக்கு இப்போது 74 வயது. ஈப்போவில் எங்களோடு இருக்கிறார். வண்டியும் எங்கள் வீட்டு முன்கூரையின் கீழேதான் நின்றது. ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒருவர் பார்க்க வந்தார். "நசுங்கல் எல்லாம் எடுத்துட்டு, புதுசு மாதிரி பளபளன்னு பெயின்ட் அடிச்சுக் கொடுங்க. நல்ல விலை தர்றேன்" என்றார்.

கிள்ளானில் இருக்கும் அண்ணன் விற்றுவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் சேரும் நேரம் அது. அப்பாவும் மறுப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"விக்கிறதுன்னா விக்கலாம்யா. ஆனா கால் வைக்கிற பக்கம் சத்தம் மாறியிருக்கு. அதைப் பிரிச்சுப் பார்த்துட்டு அப்புறம் விக்கலாம். வாங்கறவன் வீட்லயும் புள்ளைங்க இருக்கும்."

லேண்ட் ரோவர் என்றதும் நம் ஊரில் எல்லாரும் சொல்வது, "அது அலுமினியம், துருப்பிடிக்காது" என்பதுதான். அது பாதி உண்மை. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இந்த வண்டி அறிமுகமானபோது, போர் முடிந்த பிரிட்டனில் எஃகைப் பங்கிட்டுத்தான் கொடுத்தார்கள். அதனால் வெளித்தகடுகளை அலுமினியமும் மக்னீசியமும் கலந்த உலோகத்தில் செய்தார்கள். எலும்புகள் மட்டும் எஃகுதான். அடியில் ஓடும் சேசிஸ் எஃகு. கதவுகளின் உள்சட்டம் எஃகு. எஞ்சினுக்கும் ஓட்டுநரின் காலுக்கும் நடுவில் நிற்கும் தடுப்புச் சுவரும் எஃகு. இந்தச் சுவரைப் பட்டறைகளில் 'பல்க்ஹெட்' என்பார்கள். பிரேக் மிதியும் கிளட்ச் மிதியும் இதில்தான் மாட்டியிருக்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால், அந்த இடம் ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்யும். அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகும். வெளியே பெயின்ட் லேசாகக் கொப்பளித்திருப்பது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மழையும் பனியும் மாறி மாறி வரும் மலையில் ஓடிய வண்டியில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்வது என்று முடிவு செய்தோம். அண்ணன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். இந்த வண்டியின் வசதி என்னவென்றால், வெளித்தகடுகள் பெரும்பாலும் போல்ட் போட்டு மாட்டியவை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் மட்கார்டு, கதவு, கூரை, பின்தொட்டி என ஒவ்வொன்றாக வீட்டிலேயே கழற்றலாம். இறுகிப்போன போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைப்போம். கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றிய பிறகு ஒரு படம். போல்ட்டுகளை மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பைகளில் தனித்தனியாகப் போட்டு, எந்த இடத்துடையது என்று எழுதி வைப்பது என் மகனின் வேலை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் பக்கத்து விரிப்பை எடுத்தோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் கொடுத்துப் பெயின்ட் அடித்திருந்ததால் பார்வைக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. அண்ணன் ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தார். தகட்டின் சத்தம் வரவில்லை. முனையால் லேசாகக் குத்தினார். அது உள்ளே போய்விட்டது. பெயின்டுக்குப் பின்னால் இருந்தது பட்டி. பட்டிக்குப் பின்னால் கம்பிவலையும் கசக்கி அடைத்த செய்தித்தாளும். பிரேக் மிதியைத் தாங்க வேண்டிய எஃகில், கையளவுக்கு எஃகே இல்லை.

நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதற்கு முந்தைய தீபாவளியன்று என் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பா இதே வண்டியைச் சுங்கை சிப்புட் வரை ஓட்டிப்போய் வந்திருந்தார். மலைப்பாதையில் பழகிய கால் அது, பிரேக்கை அழுத்தித்தான் மிதிக்கும். அன்றைக்கு அது தாங்கியது, அவ்வளவுதான்.

"இதை இப்படியே பளபளன்னு ஆக்கிக் கொடுத்திருந்தா?" என்றார் அண்ணன். அதன் பிறகு அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. எத்தனை வாரம் ஆகும் என்றுதான் கேட்டார்.

அரித்துப்போன பகுதியைச் சுத்தமான எஃகு தெரியும் வரை வெட்டி எடுத்து, புதிய தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இதற்கு எங்கள் தாமானில் இருக்கும் ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் கைகொடுத்தார். நாங்கள் 'பாக் சிக்' என்று கூப்பிடும் அவர், வேலையைத் தொடங்கும் முன் இரண்டு காரியங்களைச் செய்யச் சொன்னார். ஒன்று, பேட்டரியைக் கழற்றுவது. இன்னொன்று, பெட்ரோல் தொட்டியை வண்டியிலிருந்தே எடுத்துத் தூரமாக வைப்பது. இந்த வண்டியில் அந்தத் தொட்டி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வீட்டில் வெல்டிங் செய்ய நினைக்கும் யாரும் இதை மறக்கக் கூடாது.

தகடு பொருத்திய பிறகு, வெளியே தெரியாத குழிவான பகுதிகளுக்குள் மெழுகு கலந்த துருத்தடுப்பைப் பீய்ச்சினோம். மண்ணால் அடைபட்டிருந்த நீர் வடியும் துளைகளைக் குத்தித் திறந்தோம். எஃகும் அலுமினியமும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும், இரண்டும் நேராகத் தொடாதபடி மெல்லிய ரப்பர் பட்டையோ தடுப்புப் பசையோ வைத்தோம். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாம் என்பது என் ஆசை. பாக் சிக் தலையை ஆட்டினார். ஸ்டெயின்லெஸும் அலுமினியத்தை அரிக்கவே தூண்டும் என்று சொல்லி, துத்தநாகம் பூசிய போல்ட்டில் கிரீஸ் தடவிப் போடச் சொன்னார்.

இதற்கு மட்டும் ஐந்து மாதம் ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வேலை எதுவும் தெரியாது.

அடுத்தது நசுங்கல்கள். அலுமினியத்தை அடித்து நிமிர்த்துவது இரும்பை நிமிர்த்துவது போல் அல்ல. அடிக்க அடிக்க அது கெட்டியாகி, கடைசியில் வெடித்துவிடும். முதலில் சூடுகாட்டி இளக்க வேண்டும். ஆனால் சூடேறியது கண்ணுக்குத் தெரியாது. இரும்பு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து திடீரென்று உருகி விழும். இதற்குப் பழைய கைவினைஞர்கள் செய்யும் வழி, துணி துவைக்கும் சோப்பைத் தகட்டில் தேய்ப்பது. பின்பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடுகாட்டும்போது சோப்பு கறுத்தால், போதும் என்று அர்த்தம். ஆறியதும், பின்னால் இரும்புக்கட்டை ஒன்றைத் தாங்கலாகப் பிடித்து, மரச்சுத்தியலால் தட்டலாம்.

எல்லா நசுங்கலையும் எடுக்க வேண்டுமா என்ற கேள்வி இங்கேதான் வந்தது. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொன்னார். பின்தொட்டியின் உள்பக்கம் வரிசையாக இருப்பவை கூடைகள் இடித்தவை. இடது மட்கார்டில் இருப்பது மண்சரிவன்று உருண்டு வந்த கல். வலது கதவின் மேல்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்டே இல்லை, உலோகம் வழவழவென்று இருந்தது. அது அப்பாவின் முழங்கை 22 ஆண்டுகள் இருந்த இடம்.

ஒரு விதி வைத்துக்கொண்டோம். தண்ணீர் தேங்க வைக்கும் நசுங்கல், டயரை உரசும் நசுங்கல், கதவைச் சரியாக மூடவிடாத நசுங்கல் ஆகியவற்றை எடுப்பது. மற்றவை இருக்கட்டும்.

பெயின்டைச் சுரண்டும்போது நான்கு நிறங்கள் அடுக்கடுக்காக வந்தன. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதனால் உலர்வாகத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தோம். முகமூடி போட்டுக்கொண்டோம். அந்த நேரத்தில் என் மகனுக்கு உள்ளே வர அனுமதி இல்லை. வேலைத் துணிகளைத் தனியாகத் துவைத்தோம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் சலுகையே கூடாது. இரண்டு ரசாயனங்களைக் கலந்து அடிக்கும் பட்டறைப் பெயின்டையும் வீட்டில் பயன்படுத்தவில்லை. அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். அலுமினியத்தில் பெயின்ட் ஒட்டுவதற்கான தனிப் பிரைமரைப் பூசி, மேலே சாதாரண எனாமல் பெயின்டை உருளையால் உருட்டினோம். ஈப்போவில் பிற்பகல் மழை வந்துவிடும் என்பதால் காலை பதினொரு மணிக்குள் முடித்துவிடுவோம். ஈரக்காற்றில் காயும் பெயின்ட் மங்கிப்போகும். நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும். பதிவில் இருந்தது பச்சை, அதே பச்சையை அடித்தோம். கதவின் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிட்டோம்.

பதினொரு மாதத்தில் வேலை முடிந்தது. கோலாலம்பூர்க்காரர் மறுபடியும் வந்தார். சுற்றி வந்து மட்கார்டின் நசுங்கலைத் தடவினார், கதவைப் பார்த்தார், பெயின்டில் பளபளப்பு இல்லை என்றார். உள்ளே செய்த வேலைகளின் படங்களைக் காட்டினேன். பாதிக்கு மேல் அவர் பார்க்கவில்லை. முதலில் சொன்ன விலையைவிட வெகுவாகக் குறைத்துச் சொன்னார். அண்ணன்தான், "பரவாயில்லைங்க, நாங்க வச்சிக்கிறோம்" என்றார்.

இரண்டு மாதம் கழித்துத் தைப்பிங்கிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பள்ளி ஆசிரியர். மனைவி கைக்குழந்தையோடு காரிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் வணக்கம் சொல்லிவிட்டு, பெயின்டைப் பார்க்காமல் நேராகத் தரையில் படுத்து, கைவிளக்கோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார். பிறகு விரிப்பைத் தூக்கி, மிதிகளின் பின்பக்கத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்து மெதுவாக, "இந்தப் பையனுக்குக் கொடுத்துடு" என்றார்.

கொடுத்துவிட்டோம். வண்டியோடு 200க்கும் மேற்பட்ட படங்கள் உள்ள ஒரு கோப்பையும் கொடுத்தோம். கிடைத்த பணம் பொருள்செலவை ஈடுகட்டி, அண்ணன் மகளின் முதல் தவணைக் கட்டணத்துக்கும் வந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த இளைஞர் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது அவருடைய முழங்கை அந்தப் பெயின்ட் இல்லாத இடத்தில் இருந்தது. வேறு எங்கேயும் வைக்க முடியாது. அந்த வண்டியில் இடம் அவ்வளவுதான்.

இப்போது யாராவது பழைய வண்டி வாங்க என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன். பெயின்டைக் கடைசியில் பாருங்கள். விரிப்பைத் தூக்குங்கள், தட்டிக் கேளுங்கள், உள்ளே செய்த வேலைக்குப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர்களுக்கும் அதேதான். கண்ணுக்குத் தெரியாத இடத்தைப் புதிதாக்கிக் கொடுங்கள். தெரியும் இடம் கொஞ்சம் பழசாகவே இருந்தாலும் தப்பில்லை.

ஆண்டுக் கடைசியில் மழை வலுக்கும் போதெல்லாம் அப்பா என்னைக் கூப்பிடுகிறார். "அந்தத் தைப்பிங் பையனுக்கு ஒரு போன் போடுய்யா. தண்ணி வடியற ஓட்டையைக் குத்தி விட்டானான்னு கேளு."

நானும் போன் போட்டுக் கேட்கிறேன். போன வாரமே குத்தி விட்டேன் என்கிறார் அவர்.