நான் அடித்த ஜோக்

2016இல் வானொலிக்கு நான் புதிது. ஹாங்காங்கிலிருந்து இங்கு வந்த பயன்படுத்திய டெஸ்லா கார் ஒன்றுக்கு 15,000 வெள்ளி கரிமக் கூடுதல் கட்டணம் என்று செய்தி. "புகைக்குழாயே இல்லாத காருக்குப் புகைக்கு அபராதமாம்! பெட்ரோல் காரே தேவலாம்" என்று காற்றலையில் சிரித்தேன்.

கணக்கைப் பார்க்கவில்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சோதனையில் அந்தக் கார் கிலோமீட்டருக்கு 444 வாட்மணி மின்சாரம் எடுத்தது. ஒரு வாட்மணிக்கு அரை கிராம் என்று மின்நிலையப் புகையையும் அதன் தலையில் கட்டியதில் வந்தது 222 கிராம். பெட்ரோல் காருக்கோ குழாயில் வருவது மட்டும்தான் கணக்கு. ஜூரோங் தீவில் எண்ணெய் சுத்திகரிக்கும்போது வரும் புகை அதில் சேராது. இதையெல்லாம் சொன்னால் ஜோக் எடுபடாதே!

டாக்சி ஓட்டும் மாமாவுக்கு இப்போது வண்டி மாற்றும் நேரம். போன வாரம் தேக்கா சந்தையில் தேநீர் குடிக்கும்போது, "மின்சார டாக்சி எடுங்களேன் மாமா" என்றேன்.

"வேணாம்மா. அதுதான் பெட்ரோலைவிட மோசம்னு நீயே ரேடியோல சொன்னியே."

தேநீர் ஆறிப்போகும்வரை 444, 222 என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார்.