அசலுடன் ஒப்பிடப்பட்டது

மரபைக் கைமாற்றித் தருகிற ஒரு காரியமாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். இதில் இரண்டு தனித்தனிக் காரியங்கள் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று பிரதி எடுத்தல், மற்றது வாசித்தல். முன்னது நடந்துவிட்டால் பின்னதும் நடந்துவிட்டதாக நமக்கு ஒரு திருப்தி. இந்தத் திருப்தி எவ்வளவு பொய்யானது என்பது ஒரு பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய டிஸ்க் பொருத்தியபோது எனக்கு ஸ்தூலமாகவே தெரிந்தது.

கம்ப்யூட்டர் 2008-இல் வாங்கியது. காலமாகிவிட்ட ஒரு கவிஞருடையது. புத்தகம் எதுவும் போடாதவர். போடவேண்டும் என்ற அவஸ்தையும் இல்லாதவர். கடைசி வருஷங்களில் காகிதத்தையே விட்டுவிட்டு நேராக அதில் அடித்து வைத்திருந்தார். அவர் மனைவி கூப்பிட்டனுப்பி, "தம்பி, உள்ளே டிக்டிக்குனு சத்தம் போடுது. அவர் எழுதினதெல்லாம் இதுலதான் இருக்கு" என்றார். ரிப்பேர்க் கடையில், "இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட் சார், புதுசே வாங்கிடுங்க" என்றார்கள். வியாபார நியாயம் அது. ஆனால் புதுசில் அந்தக் கவிதைகள் இருக்காது என்பதோடு, அவற்றைப் படிக்கத் தேவையான எழுத்துருவும் இருக்காது.

வேலை என்னவோ எளிது. மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினால், மூன்றரை அங்குலப் பழைய டிஸ்க் நான்கு திருகில் உட்கார்ந்திருக்கிறது. நிமிஷத்துக்கு 7200 முறை சுழல்வது. புதியது இரண்டரை அங்குலம். உள்ளே சுழல்வது எதுவும் இல்லை, மின்னூட்டத்தில் நினைவு வைத்துக்கொள்வது. அதைப் பழைய இடத்தில் நிறுத்த ஒரு தகட்டுச் சட்டம் வேண்டியிருந்தது. ஸாட்டா ஒயரின் முனை 'ட' மாதிரி மடிந்திருப்பதால் தப்பாகச் சொருகவே முடியாது. மதர்போர்டில் காசு அளவு மூன்று வோல்ட் பாட்டரி செத்திருந்தது; அதையும் மாற்றினேன். பாட்டரி செத்தால் அணைக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தேதியை மறந்து, மறுபடி தன் ஆதித் தேதியிலிருந்தே எண்ணத் தொடங்கும். பிறகு இரண்டு டிஸ்கையும் இணைத்து, பழையதை அப்படியே புதியதில் நகலெடுத்தேன். 160 கிகாபைட். அழித்ததாக அவர் நினைத்திருந்த பக்கங்களும் சேர்ந்தே வந்தன.

நான் வேலை பார்க்கும் வங்கியில் நகல்களின்மேல் 'அசலுடன் ஒப்பிடப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவோம். ஒப்பிட்டேன் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து, புரிந்துகொண்டேன் என்பதற்கல்ல. டிஸ்க் செய்ததும் இதைத்தான். அதற்குக் கவிதையும் ஒன்று, ரேஷன் கார்டு விண்ணப்பமும் ஒன்று.

வாசிப்பின் சிக்கல் பிறகுதான் வந்தது. 1999-இல் சென்னையில் கணித்தமிழ் மாநாடு நடந்ததையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளை ஏற்றது. வெளியே டிஸ்கி இருந்தது. போதாததற்கு எழுத்துரு விற்பவர்கள் ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். 2010-இல் அரசே யூனிகோடுக்கு வந்துவிட்டது. பழைய முறைகளில் கொம்பு, கண்ணுக்குத் தெரிகிறபடியே, மெய்க்கு முன்னால் பதிவாகும். யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். மாற்றித் தரும் நிரல்கள் கொம்பை இடம் மாற்றி வைத்துவிடும். உரைநடைக்கு இது போதும்.

கவிஞரோ டைப்ரைட்டர் விசைமுறையில் அடிப்பவர், கொம்பை முதலில் தட்டுபவர். உழுத வயல் பற்றிய ஒரு கவிதையில் ஒரு வரி வெறும் கொம்போடு முடிகிறது. அடுத்த வரி 'சால்' என்று தொடங்குகிறது. சேர்த்துப் படித்தால் 'சொல்'. விட்டுப் படித்தால் ஏர் கீறிய சால். நிரல் அந்தக் கொம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டத்தைப் போட்டு, மெய்யைக் காணோம் என்று முறையிட்டது. இன்னொரு கோப்பில் இதே கவிதை, 'சொல்' ஒரே வரியில் முழுசாக இருக்கிறது. எது முந்தியது, எது திருத்தியது? இரண்டு கோப்புக்கும் ஒரே ஆதித் தேதி. செத்த பாட்டரியின் சாட்சியம் அவ்வளவுதான்.

ஏட்டுச் சுவடியைப் பதிப்பித்தவர்களுக்கு இது புதிதல்ல. பெரும்பாலான ஏடுகளில் புள்ளி கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். 1887-இல் சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா.வின் உழைப்பை ஏடு தேடி அலைந்த உழைப்பாகவே கொண்டாடுகிறோம். ஏடு கிடைத்த பிறகு, இது காலா ரகரமா என்று தீர்மானித்தாக வேண்டிய இடங்களைப் பேசுவதில்லை. அங்கேதான் விமர்சனம் தொடங்குகிறது.

பிளந்த வடிவமே பிந்தியது என்பது என் முடிவு. முழுச் சொல் உள்ள வடிவத்தில் பேச்சையும் உழவையும் உறவுபடுத்தி விளக்குகிற ஒரு வரி இருக்கிறது. பிளந்த வடிவத்தில் அந்த வரி இல்லை. வரி விளக்கியதைப் பிளவே செய்துவிடுவதால் வரிக்கு வேலை போய்விட்டது. கை தவறி என்டர் விசையைத் தட்டியவர் பொருத்தமான வரியையும் தேடிப் பிடித்து நீக்கியிருக்க முடியாது. மாற்றச் சொல்லித் தரும் நண்பர்கள், அச்சுக்காகக் கொம்பை 'ஒழுங்கு' செய்துவிடலாம் என்கிறார்கள். செய்தால் மிஞ்சுவது நல்ல தமிழ், கவிதை அல்ல.

இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து அச்சிடவேண்டும், கொம்பைப் படமாக வெட்டி ஒட்டியாவது. பழைய டிஸ்கை அழிக்காமல் அவர் மனைவியிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். என் முடிவை மறுக்க நினைப்பவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.