எத்தனை பேப்பர்?

2013-ல் சச்சினுக்குப் பாரத ரத்னா என்று அறிவித்த அதே நாளில் இன்னொருவருக்கும் அறிவித்தார்கள். நம்ம ஊர் டீக்கடையில் யாரும் அவரைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. சி.என்.ஆர். ராவ், பெங்களூர்க்காரர், வேதியியல் பேராசிரியர். ஓசூரில் ஒரு கம்பெனி ஆய்வகத்தில் பியூரெட்டும் பிப்பெட்டுமாகக் காலம் தள்ளிய எனக்கு அன்று தனி சந்தோஷம்.

அப்போது பத்திரிகைகளில் அவரைப் பற்றி இரண்டு எண்கள் வந்தன. ஆராய்ச்சிக் கட்டுரைகள் 1,400. எச்-இண்டெக்ஸ் 100. முதல் எண் யாருக்கும் புரியும். இரண்டாவது, கலிபோர்னியாவில் ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் 2005-ல் சொன்ன கணக்கு. ஒருவருடைய கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டுவதை எண்ணிப் போடுவது.

நம்ம குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை சந்தையை வைத்துச் சொன்னால் சுலபம். ஒருவருடைய 10 ஆடுகள், ஒவ்வொன்றும் 10 ஆயிரத்துக்குக் குறையாமல் போனால் அவர் எண் 10. எண் 11 ஆக வேண்டுமென்றால் 11 ஆடும் 11 ஆயிரத்துக்குக் குறையாமல் போக வேண்டும். ஆடு என்பது கட்டுரை, ஆயிரம் என்பது ஒரு மேற்கோள். நூறை எட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. 80 வயது தாண்டியும் ஆராய்ச்சியை விடாத மனிதர் ராவ். ஆனால் ஒரே ஒரு கிடாவை மட்டும் ஓட்டிவந்து லட்ச ரூபாய்க்கு விற்றவருக்கு இந்தக் கணக்கில் எண் 1-தான்!

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் பக்கத்துத் தெரு மாந்தோப்புக்காரர். அவர் மகள் பெங்களூரில் வேதியியலில் பிஎச்.டி. செய்கிறாள். எங்கள் பக்கத்தில் அவ்வளவு படித்த பெண்கள் குறைவு.

“அண்ணா, நாலு வருசத்துல ஒரே ஒரு பேப்பர்தானாம். கூட இருக்கிற பையன் ஆறு போட்டுட்டானாம். அடுத்த வருசத்தோட உதவித்தொகை நிக்குது. விட்டுட்டு வந்துடறேன்னு அழுவறா. நீங்க லேப்ல இருந்தவங்க, சொல்லுங்க, ஒண்ணுன்னா கேவலமா?”

அந்தப் பெண் லீவுக்கு வந்தபோது விசாரித்தேன். பையன் இருப்பது பெரிய குழு. யார் வேலை செய்தாலும் நாலைந்து பேர் பெயர் சேரும். இவள் தனி ஆளாகப் புதுச் சேர்மம் ஒன்றைத் தயாரிக்கிறாள். அது படிகமாகி வந்தால்தான் அதன் வடிவத்தை உறுதியாகச் சொல்ல முடியும். மூன்று மாதம் காத்திருந்து குடுவையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த மூன்று மாதத்துக்குப் பேப்பர் கிடையாது. ஆய்வகத்தில் நின்றவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.

அவளுக்கு நான் ஜி.என். ராமச்சந்திரனைப் பற்றிச் சொன்னேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், படித்தது இயற்பியல். 1963-ல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மொத்தமே 5 பக்கம். புரதம் என்பது சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும் என்று ஒரு வரைபடமாகப் போட்டார்கள். இன்றைக்கும் உலகத்தில் எங்கே புரத வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். கொரோனா கிருமியின் முள் புரதத்துக்கும் அந்தச் சோதனை நடந்தது.

இதில் வேடிக்கை, பலர் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று பெயரை மட்டும் எழுதிவிட்டு மூலக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டதற்கு யார் மேற்கோள் காட்டுவார்கள்? எண்ணிக்கைக்காரர்கள் கணக்கில் அதெல்லாம் வராது. எத்தனை ஆயிரம் பேர் காட்டினாலும் எச்-இண்டெக்ஸில் அந்தக் கட்டுரை ஒன்றுதான்.

“அவர் ராமச்சந்திரன், தாத்தா. நான் யாரு? வேலைக்குப் போனா முதல்ல எத்தனை பேப்பர்னுதான் கேப்பாங்க” என்றாள். அதுவும் நிஜம். எனக்குப் பதில் வரவில்லை. பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022-லேயே எடுத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். பல்கலைக்கழகம் தனியாக ஏதாவது விதி வைத்திருக்கலாம், அதை முதலில் கேட்டுவிடு, அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வராதே என்றேன். அப்பாவுக்கு இந்த யுஜிசி விஷயம்தான் பெரிய ஆறுதல்.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் பெங்களூர் போனாள். கரைப்பானை மாற்றி இன்னொரு முறை படிகத்துக்கு வைத்திருக்கிறாளாம். உதவித்தொகைக்கு ஆறு மாத நீட்டிப்பும் கேட்டிருக்கிறாள். இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை.