பன்றிக்குட்டிக்கு அருகில்

பிரான்சில் வளரும் எம் பிள்ளைகள் பெத்தாங்க் என்னும் ஆட்டத்தைக் கண்டிருப்பர். பூங்காக்களின் மரநிழலில் முதியோர் சிலர் இரும்புப் பந்துகளை எறிவதும், பின்னர் அவற்றைச் சூழ்ந்து நின்று நெடுநேரம் வாதிடுவதும் இங்கு அன்றாடக் காட்சி. அது வேலையற்ற கிழவர்களின் பொழுதுபோக்கு என்பதே நம்மவர் பலரின் எண்ணம். நான் மூன்று ஆண்டுகளாக ஞாயிறு பிற்பகல்களில் அக்கிழவர்களோடு ஆடிவருகிறேன்.

இவ்வாட்டம் பிறந்த வரலாறு இனியது. தென்பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் முன்னர் வழங்கிய ஆட்டத்தில் பந்தை எட்டுவைத்து வந்தே எறிதல் வேண்டும். மார்செய் நகருக்குக் கிழக்கேயுள்ள லா சியோத்தா என்னும் கடற்கரையூரில், ஜூல் லெனுவார் என்னும் ஆட்டக்காரர் வாதநோயால் அவ்வாறு ஆட இயலாதவரானார். அவர் பொருட்டு, நின்ற இடத்தில் நின்றே எறியும் முறை 1907ஆம் ஆண்டளவில் தோன்றியது என்பர். 'ஊன்றிய பாதங்கள்' எனப் பொருள்படும் புரோவான்ஸ் மொழித் தொடரே ஆட்டத்தின் பெயராயிற்று. நடக்க இயலாதவரை ஓரத்தில் இருத்தாது, ஆட்டத்தையே அவருக்கேற்ப மாற்றிய அவ்வூராரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

650 முதல் 800 கிராம் வரை எடையுள்ள பந்தை, ஆறு முதல் பத்து மீற்றர் தொலைவிற் கிடக்கும் சிறு மரப்பந்துக்கு மிக அருகே சேர்த்தல் வேண்டும். அம்மரப்பந்துக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர் பன்றிக்குட்டி! எதிரியின் பந்தை அடித்து விலக்கவும் செய்யலாம். யாழ்ப்பாணத்து மணலில் போளையடித்து வளர்ந்தவருக்கு இவ்விலக்கணம் புதிதன்று. முதலில் 13 புள்ளி பெறுவோர் வெல்வர். ஒரு புள்ளியேனும் பெறாது தோற்றவர் செய்யவேண்டிய சடங்கொன்றும் உண்டு. அது பாடசாலை மலரில் எழுதத் தக்கதன்று.

பாரிஸின் வடபுறநகர்ப் பூங்காவொன்றில் நான் வேடிக்கை பார்த்து நின்ற நாளில், ஓர் அணியில் ஒருவர் குறைந்தார். முதியவரொருவர் என் பெயரைக்கூடக் கேளாமல் பந்தொன்றை என் கையில் வைத்து, "நீ எறி" என்றார். ஊரில் மாணவர் மட்டுமன்றி அவர்தம் பெற்றோரும் என்னைச் "சேர்" என்றே விளிப்பர். அடைக்கலம் கோரி இந்நாட்டுக்கு வந்தபின், அலுவலகங்களில் எல்லாரும் "நீங்கள்" என்றே மரியாதையுடன் பேசினர். ஒவ்வொரு "நீங்கள்" இற்குப் பின்னும் ஒரு பத்திரம் கேட்டனர். இந்த "நீ" என்பதன்பின் பந்துதான் வந்தது.

எவர் பந்து அருகில் என்ற ஐயம் எழுந்தால் அளவு நாடா வெளிவரும். அல்ஜீரியாவிற் பிறந்த கட்டடத் தொழிலாளி, போர்த்துக்கல் நாட்டவர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நான் ஆகிய நால்வரும் ஒரு மில்லிமீற்றருக்காகக் குனிந்து நிற்போம். ஆறாம் வாரத்திலேயே என் ஊரையும் தொழிலையும் வினவினர். கணித ஆசிரியனாயிருந்தேன் என்றேன். போரைப்பற்றி அவர்கள் துருவவில்லை. அன்றுமுதல் புள்ளிக் கணக்கு வைப்பது மட்டும் என் பொறுப்பாயிற்று.

மாலை வகுப்பில் நான் கற்ற பிரெஞ்சு, படிவம் நிரப்பவும் உணவகச் சமையலறையில் கட்டளையைப் புரிந்துகொள்ளவும் போதுமானதாயிருந்தது. மறுத்துரைக்கவும் கேலி செய்யவும் தோற்றவரைத் தேற்றவும் வேண்டிய சொற்களைப் பூங்காவிலேதான் பெற்றேன். வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைத்துவிட்டு அருகே மௌனமாக நிற்கும் தந்தையர் நம்மிடையே பலர். நானும் அவ்வாறு நின்றவனே. சென்ற கோடையில் என் மகள் பூங்காவுக்கு வந்திருந்தாள். நாடா காட்டிய அளவை நான் ஏற்க மறுத்து வாதிட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, நீங்கள் பிரெஞ்சிலே சண்டை பிடிக்கிறீர்கள்!" என்று கைகொட்டிச் சிரித்தாள். வீடு வரும்வரை அதனையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

எனக்கு முதற்பந்தைத் தந்த முதியவருக்கு இப்போது ஒரு தமிழ்ச்சொல் தெரியும். பந்து நல்ல இடத்தில் நின்றால் "கிட்ட! கிட்ட!" என்று மரத்துப் புறாக்கள் பறக்கக் கத்துவார். 'ட்ட' மட்டும் இன்னும் சரியாக வரவில்லை; பயிற்சி நடைபெறுகிறது.

வகுப்பு முடிந்தபின் வர விரும்பும் பெற்றோர் பிள்ளைகளுடன் வரலாம். என்னிடம் மேலதிகமாக மூன்று பந்துகள் உள்ளன.