டேலி ஆன கணக்கு

‘பேராசிரியர், கணக்கியல், பணியிடம் ஒன்று.’ பல்கலைக்கழக விளம்பரங்களில் மேலாண்மைத் துறைக்கு நேரே இந்த வரி அடிக்கடி வரும். அந்த ஒரு வரியை நிரப்புவதற்காகப் பாட நிபுணர் என்ற பெயரில் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். மார்க்கெட்டிங் என்றால் வராந்தாவில் நாற்காலி போதாது. மனிதவளம் என்றாலும் அப்படித்தான். கணக்கியலுக்கு மட்டும் நாலைந்து பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் ஆடிட்டராகிவிடுகிறார்கள். இல்லையென்றால் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன. மீந்தவர்கள் கல்லூரிக்கு வந்து, முனைவர் பட்டம் வாங்கி, இணைப் பேராசிரியராகி, மூத்த பதவிக்கு மனுப் போடுவதற்குள் தலை நரைத்துவிடுகிறது.

தலை நரைத்தால் மட்டும் போதாது, புள்ளியும் சேர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி முனைவர் பட்டம், பத்தாண்டு அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் 120, முனைவர் பட்ட மாணவருக்கு வழிகாட்டியதற்குச் சான்று எல்லாம் இருக்க வேண்டும். எங்கள் துறைகளில் கட்டுரைக்கு அடிப்படை 10 புள்ளி. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. கூட்டிப் பாருங்கள். இருவர் எழுதிய கட்டுரை 140 சதவீதமாகிறது, ஐவர் எழுதியது 190. பற்றும் வரவும் சமமாக வேண்டும் என்று காலமெல்லாம் பாடம் நடத்தியவர்களில் யாரும் இந்தக் கணக்கில் மட்டும் தகராறு செய்து நான் பார்த்ததில்லை.

ஸ்பைரல் பைண்டிங் போட்ட விண்ணப்பங்கள் தலையணை கனத்துக்கு மேஜையில் கிடக்கும். புரட்டினால் தலைப்புகள் ஒன்றுபோல இருக்கும். இன்ன மாவட்டத்தில் வங்கி வாடிக்கையாளர்களின் திருப்தி, ஓர் ஆய்வு. இன்ன வட்டத்தில் சிறு முதலீட்டாளர்களின் மனப்பான்மை, ஓர் ஆய்வு. கேள்வித்தாள் கொடுத்து, சதவீதம் போட்டு, கை ஸ்கொயர் சோதனை நடத்தி முடித்திருப்பார்கள். நூறு பக்கம் தள்ளினாலும் ஒரு பேலன்ஸ் ஷீட் கண்ணில் படாது. வெளியான இதழ்களோ, இருந்த இடம் தெரியாமல் போனவை பல. 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. பிறகு ‘கேர்’ பட்டியல் வந்தது. 2025இல் அதையும் கைவிட்டு, இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படிப் புரட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் எங்கள் கல்லூரி அக்கவுண்ட்ஸ் சார் ஞாபகம் வந்துவிடும். அவருக்கு முனைவர் பட்டம் கிடையாது. வெறும் எம்.காம். அன்றைக்குக் கல்லூரிக்கு அது போதும். ஆர்.எல். குப்தா, ராதாசாமி எழுதிய தடித்த புத்தகத்தைக் கையில் எடுத்து வருவார், திறக்கமாட்டார். போர்டில் ஒரு டிரையல் பேலன்ஸ் எழுதுவார். இரண்டு பக்கமும் காசு பிசகாமல் டேலி ஆகியிருக்கும். “இதுல தப்பு எங்க இருக்கு, சொல்லுங்கப்பா” என்பார். எதிர்பக்கத்தில் அதே தொகைக்கு இன்னொரு தவறு நடந்து முதல் தவறை மூடியிருக்கும். இல்லாவிட்டால் இயந்திரம் வாங்கிய பணத்தைப் பழுதுபார்த்த செலவில் எழுதியிருப்பார். லாபமே மாறிப்போகும், ஆனால் டிரையல் பேலன்ஸ் முனகாது. “டேலி ஆயிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. பொய்யும் டேலி ஆகும்.” வணிகவியலில் நான் கற்றதில் பாதி இந்த ஒரு பேச்சில் அடக்கம்.

நொடித்துப்போன கூட்டாளியின் பற்றாக்குறையை மற்றவர்கள் எப்படித் தாங்குவது என்ற 1904ஆம் வருடத்து கார்னர், மர்ரே வழக்கையும் அவர் குடும்பச் சண்டை மாதிரிதான் சொல்லிக்கொடுத்தார். யார் எவ்வளவு போட்டார்கள், யார் கைவிரித்தார்கள், பாக்கியிருப்பவன் தலையில் எவ்வளவு விழுகிறது என்று கதை ஓடும். கதை முடியும்போது கணக்கும் முடிந்திருக்கும். இன்றைய விதியில் அந்த மனிதர் பேராசிரியர் பதவிக்கு மனுவே போட முடியாது.

தேர்வுக் குழு எப்படி உட்காரும் என்பதும் விதியில் இருக்கிறது. துணைவேந்தர் தலைவர். வேந்தர் தரப்பில் ஒரு கல்வியாளர், வெளியிலிருந்து மூன்று பாட நிபுணர்கள், டீன், துறைத்தலைவர், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் சார்பில் ஒரு கல்வியாளர். வெளி நிபுணர் இருவராவது இல்லாமல் கூட்டம் செல்லாது. இரவு ரயிலில் வந்திறங்கி, விருந்தினர் விடுதியில் குளித்துவிட்டு நாங்கள் உட்காரும்போது புள்ளிப் பட்டியல் ஏற்கெனவே அச்சாகி எங்கள் முன்னால் இருக்கும்.

ஒருமுறை பட்டியலில் முதலிடத்தில் இருந்தவருக்கு 200 புள்ளிக்கு மேல். “சார், ஒரு கம்பெனி வருஷா வருஷம் லாபம் காட்டுது. ஆனா தொழில்லேர்ந்து ரொக்கம் வரவே இல்லை. இதை முதல் வருஷ எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டேன். “அதைப் பத்தி ஒரு பேப்பர் பப்ளிஷ் பண்ணியிருக்கேன் சார்” என்றார். பேப்பர் இருக்கட்டும், பாடம் சொல்லுங்கள் என்றேன். மறுபடியும் இதழின் பெயரைச் சொன்னார், இம்பாக்ட் ஃபேக்டரைச் சொன்னார். கடன் விற்பனை, வசூலாகாத பாக்கி, குவிந்த சரக்கு என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். வரவில்லை.

அதே பதவிக்கு விண்ணப்பித்த ஓர் ஆடிட்டர் முதல் சலிப்பிலேயே கழிந்துபோயிருந்தார். பல வருடம் தொழில் செய்தவர், மாலை நேரத்தில் கௌரவ விரிவுரையாளராக வகுப்பெடுத்தவர். முனைவர் பட்டம் இல்லை. தொழில் வல்லுநர் பேராசிரியராக வரலாம் என்று விதியில் தனிப் பிரிவு உண்டுதான். அதற்கும் முனைவர் பட்டம் வேண்டும். சி.ஏ. படிப்பை முதுகலைக்குச் சமமாக 2021இல் ஏற்றுக்கொண்டார்கள். 2022இல் ‘பிராக்டிஸ் பேராசிரியர்’ என்று ஒரு வாசலைத் திறந்தார்கள். பதினைந்து வருட அனுபவம் போதும், பட்டம் கேட்கமாட்டார்கள். ஆனால் அது தற்காலிக நாற்காலி. மூன்று வருடம், மிஞ்சிப்போனால் இன்னொரு வருடம். ஒரு துறையைக் கட்டி எழுப்ப அது எந்த மூலைக்கு?

முனைவர் பட்டத்தின் மீதான இந்தப் பிடிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எண்ணம் 1959ஆம் வருட அமெரிக்காவில் போய் நிற்கிறது. அங்கேயும் அதுவரை கணக்கியல் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் தொழில் தெரிந்த கணக்காளர்கள். அந்த ஆண்டு ஃபோர்டு அறக்கட்டளைக்காக கார்டனும் ஹோவெல்லும் ஓர் அறிக்கை எழுதினார்கள், கார்னகி நிறுவனத்துக்காக பியர்சன் ஒன்று எழுதினார். வணிகப் பள்ளிகளில் ஆராய்ச்சி போதாது என்று இரண்டும் கண்டித்தன. அதன்பின் ஆராய்ச்சிதான் அளவுகோல். அதில் நன்மையும் இருந்தது. லாப அறிவிப்புக்கும் பங்கு விலைக்கும் உள்ள உறவை ரே பால், பிலிப் பிரவுன் இருவரும் 1968இல் எண்களோடு காட்டினார்கள். அந்தக் கட்டுரையை ‘தி அக்கவுண்டிங் ரெவ்யூ’ நிராகரித்தது. சிகாகோவின் ‘ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்’ வெளியிட்டது. இன்று அது கணக்கியல் ஆராய்ச்சியின் அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்று. எது நல்ல கட்டுரை என்பதில் துறையின் முதல்தர ஆசிரியர்களே சறுக்கியிருக்கிறார்கள். புள்ளி போடும் குமாஸ்தாவை என்ன சொல்ல?

பாலா பாலச்சந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் புள்ளியியலும் படித்தவர். அமெரிக்கா போய் கார்னகி மெலனில் முனைவர் பட்டம் முடித்தார். 1973இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் வணிகப் பள்ளி அவரை எடுத்துக்கொண்டது. கணக்கியலில் பெயர்பெற்ற பேராசிரியராக அங்கே பல பத்தாண்டுகள் இருந்தார். 2004இல் சென்னையில் கிரேட் லேக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார், 2021இல் மறைந்தார். நம் ஊர்ப் பரிசீலனைக் குழுவில் அவர் விண்ணப்பம் வந்திருந்தால், எம்.காம். இல்லையே, தொடர்புடைய பாடம்தானா என்று யாராவது பென்சிலால் சுழித்திருப்பார்கள்.

பட்டமும் புகழும் மட்டும் காப்பாற்றும் என்றும் சொல்வதற்கில்லை. என்ரான் கம்பெனியின் தணிக்கைக் குழுத் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஜேடிக்கி. கணக்கியல் பேராசிரியர், ஸ்டான்போர்டு வணிகப் பள்ளியின் முன்னாள் டீன். 2001 டிசம்பரில் அந்தக் கம்பெனி திவாலானது. நம் சத்யம் கம்பெனியின் இயக்குநர்களிலும் பெரிய வணிகப் பள்ளிகளின் பேராசிரியர்கள் இருந்தார்கள். 2009 ஜனவரி 7ஆம் தேதி வெளியான கடிதத்தில், ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டார். அந்த பேலன்ஸ் ஷீட்டும் டேலி ஆகித்தான் இருந்தது. வங்கியிடம் நேரடியாகக் கேட்டு இருப்பைச் சரிபார் என்பது தணிக்கையின் அரிச்சுவடி. எங்கள் அக்கவுண்ட்ஸ் சார் இருந்திருந்தால் போர்டில் எழுதிப்போட்டு, தப்பு எங்கே என்று கேட்டிருப்பார்.

மனிதரை எடை போடுவதில் கணக்கியலே திணறியிருக்கிறது. ஊழியரைச் சொத்தாகக் காட்ட முடியுமா என்று பாரூக் லெவ், அபா ஷ்வார்ட்ஸ் இருவரும் 1971இல் ஒரு வழி சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை ஒருவர் வாங்கப்போகும் சம்பளத்தை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கூட்டு என்றார்கள். இன்ஃபோசிஸ் தன் ஆண்டறிக்கைகளில் பல வருடம் இந்த முறையில் ஊழியர் மதிப்பைக் காட்டியது, பேலன்ஸ் ஷீட்டுக்கு வெளியே. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சூத்திரப்படி ஓய்வை நெருங்க நெருங்க ஆளின் மதிப்பு சுருங்குகிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓய்வு வயது 60. மூத்த பேராசிரியர் முழுசாகக் கனிந்து நிற்கும் வேளையில் சூத்திரம் அவரைச் சில்லறையாக்கிவிடும். அவரிடம் படித்து வகுப்பறைக்குள் போகும் இளைய ஆசிரியர்கள் அதில் எந்தக் காலத்திலும் வரமாட்டார்கள்.

மூத்தவர் ஒருவரை எடுப்பதே இளையவர்களை உருவாக்கத்தானே? உதவிப் பேராசிரியர் வகுப்பெடுத்தால் போதும். மூத்தவர் வந்தால் பாடத்திட்டம் மாற வேண்டும். 2016இலிருந்து பெரிய கம்பெனிகள் புதிய இந்தியக் கணக்கியல் தரங்களுக்கு மாறிவிட்ட பிறகும், பழைய வடிவத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த துறைகளை எனக்குத் தெரியும். மூத்தவர் வந்தால் ஆராய்ச்சி மாணவர்கள் கேள்வித்தாளைக் கீழே வைத்துவிட்டு ஆண்டறிக்கையைக் கையில் எடுக்க வேண்டும். இளையவர் அறைக்கதவைத் தட்டிச் சந்தேகம் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அன்றைக்கு 200 புள்ளிக்காரர்தான் தேர்வானார். சீல் வைத்த உறையில் பெயர் சிண்டிகேட்டுக்குப் போனது. 120 என்பது வாசற்படி, உள்ளே வந்தபிறகு அதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். “கோர்ட்டுக்குப் போயிடுவாங்க சார், நம்பர் இருந்தாத்தான் நிக்கும்” என்றார் பக்கத்தில் இருந்த நிபுணர். அவர் சொன்னதில் உண்மை உண்டு. ரிட் மனுவுக்குப் பயந்துதான் நம் தேர்வுக் குழுக்கள் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகின்றன.

ஆனால் வழி அதே விதிப் புத்தகத்தில் இருக்கிறது. நேர்முகத் தேர்வுக் கட்டத்திலேயே, வகுப்பறைச் சூழலில் விரிவுரையோ கருத்தரங்கோ நடத்தச் சொல்லிக் கற்பிக்கும் திறனைப் பல்கலைக்கழகங்கள் மதிப்பிடலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் வேட்பாளர் ஒரு முழு நாளாவது வளாகத்தில் இருந்து, உரை நிகழ்த்தி, இளைய ஆசிரியர்களையும் ஆராய்ச்சி மாணவர்களையும் சந்தித்த பிறகுதான் பேச்சே. நமக்கு ஒரு மணி நேரம் போதும். துணைவேந்தர்களே, துறைத்தலைவர்களே, அடுத்த முறை கணக்கியல் பேராசிரியரை எடுக்கும்போது அந்த விதியைப் பயன்படுத்துங்கள். உண்மையான மாணவர்களை உட்காரவைத்து, ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்து, பாடம் நடத்தச் சொல்லுங்கள். அளவுகோலை முன்கூட்டியே அறிவித்து, ஒவ்வொரு நிபுணரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பதிவு செய்யட்டும். கோர்ட்டில் காட்ட அதுவும் எண்தான்.